டீச்சர் ட்ரெய்னிங் முடிக்காமல் மழலையர் வகுப்புக்குப் போகலாமா?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வயது 34. பி.காம். படித்துவிட்டுக் கல்யாணத்துக்கு முன்பு ஒரு நிதி நிறுவனத்தில் கணக்கு பார்த்தவர். சின்னவனையும் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தாயிற்று. தெருமுனையில் உள்ள பிளே ஸ்கூலில் "நீங்க வந்து மிஸ்ஸா இருங்களேன்" என்று கூப்பிடுகிறார்கள். புதுச்சேரியில் ஒரு பயிற்சி நிலையம் மூன்று மாத மாண்டிசோரி சான்றிதழுக்கு முப்பத்தைந்தாயிரம் கேட்கிறது. பணத்தைக் கட்டலாமா என்பது அவர் எழுதியிருக்கும் கேள்வி. ஆனால் கடைசி வரியில், "முறையாகப் படித்து வந்தவர்கள் நடுவில் நானும் டீச்சர் என்று சொல்லிக்கொள்ள முடியுமா?" என்று கேட்டிருக்கிறார். அவர் மனதை அரிப்பது அதுதான் என்று நினைக்கிறேன். அதற்கு முதலில் பதில் சொல்கிறேன், பணத்தைப் பற்றி அப்புறம் பார்க்கலாம்.

கடலூர், புதுச்சேரி இரண்டு பக்கமும் மழலையர் வகுப்பு ஆசிரியைகளுக்குப் பயிற்சி கொடுப்பது பல ஆண்டுகளாக என் வேலை. முதல் நாள் எல்லோரிடமும் "இந்த வேலைக்கு எப்படி வந்தீங்க?" என்று கேட்பேன். "சின்ன வயசிலிருந்தே டீச்சர் ஆகணும்னு ஆசை" என்று சொல்பவர்கள் ஒரு குழுவில் சிலர்தான் தேறுவார்கள். பிள்ளையைக் கொண்டுவந்து விட்டு, அது அழுகையை நிறுத்தும்வரை வராந்தாவில் காத்திருந்து, ஆள் பற்றாக்குறையான ஒரு நாளில் உள்ளே கூப்பிடப்பட்டவர்கள் உண்டு. தையல் மிஷின் ஓட்டியவர், நர்சிங் படிப்பைப் பாதியில் விட்டவர், கணவர் போன பிறகு ஏதாவது ஒரு சம்பளம் வேண்டுமென்று ஆயாவாகச் சேர்ந்து மெல்ல மெல்ல வகுப்பை நடத்தும் இடத்துக்கு வந்தவர் என்று எல்லா விதமும் உண்டு. தெருக்கூத்தில் வேஷம் கட்டிய ஓர் இளைஞரும் வந்தார், பண்ருட்டிப் பக்கத்துக் கிராமம். அவர் கதை சொல்ல ஆரம்பித்தால் நான்கு வயதுப் பிள்ளைகள் இடத்தைவிட்டு அசையாது. ஆண்களை இந்த வேலைக்கு எடுக்கப் பள்ளிகள் இன்னும் தயங்குகின்றன. நஷ்டம் பிள்ளைகளுக்குத்தான்.

நீங்கள் யாரை முறையாக வந்தவர்கள் என்று நினைக்கிறீர்களோ, அவர்கள் படிக்கிற பாடத்தை உருவாக்கியவர்களே வேறு தொழிலிலிருந்து வந்தவர்கள். கிண்டர்கார்டனைத் தொடங்கிய ஃப்ரோபெல் இளமையில் காட்டு நிர்வாகத் தொழில் பழகியவர். மரியா மாண்டிசோரி 1896-ல் ரோமில் மருத்துவம் முடித்தவர். 1907-ல் அதே ஊரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து பயிற்சி வகுப்பு நடத்தியவர், போர் மூண்டதால் ஊர் திரும்ப முடியாமல் கொடைக்கானலிலும் தங்கி வேலை செய்தார். குஜராத்தின் கிஜுபாய் பதேகா ஒரு வக்கீல். மகன் பிறந்த பிறகுதான் குழந்தைக் கல்வியைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தார், 1920-ல் பாவ்நகரில் பால மந்திர் என்ற மழலையர் பள்ளியைத் தொடங்கினார். அவரோடு வேலை செய்தவர் தாராபாய் மோடக். தாராபாயிடம் 1945-ல் வந்து சேர்ந்தவர் அனுதாய் வாக், சிறுவயதிலேயே மணமாகி சில மாதங்களில் விதவையானவர். ஆதிவாசிப் பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை என்றதும் இந்த இரண்டு பெண்களும் அவர்களுடைய குடிசை முற்றத்துக்கே வகுப்பைக் கொண்டுபோனார்கள். இன்று நாடு முழுக்க உள்ள அங்கன்வாடிக்கு முன்னோடி அந்த முற்றங்கள்தான். நம்ம புதுச்சேரியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1943 டிசம்பர் 2 அன்று ஸ்ரீ அன்னை அரவிந்தர் ஆசிரமத்தில் பள்ளியைத் தொடங்கியபோது பாடம் சொல்லிக்கொடுத்தவர்கள் அங்கேயே வாழ்ந்த ஆசிரமவாசிகள். இன்றும் அந்தப் பள்ளியில் கற்பிப்பவர்கள் சம்பளம் வாங்குவதில்லை.

இவ்வளவு பேர் இவ்வளவு பாதைகளில் வருவதற்கு ஒரு சட்டக் காரணமும் இருக்கிறது. 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரை அரசு ஏற்பாடு செய்யலாம் என்று 11-ம் பிரிவில் சொல்லி நிறுத்திக்கொண்டது. ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை கற்பிக்க டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு வேண்டும், எல்.கே.ஜி.க்கு அந்தக் கட்டாயம் இல்லை. தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சில் 2014-ல் மழலையர் கல்விக்கு இரண்டு ஆண்டு டிப்ளமா என்று வகுத்து வைத்திருக்கிறது. ஆனால் தெருவுக்குத் தெரு முளைக்கும் பிளே ஸ்கூல்களில் அதைக் கேட்டு ஆள் எடுப்பவர்கள் குறைவு. இதனால் உங்களைப் போன்றவர்களுக்கு வாசல் திறந்திருக்கிறது. அதே காரணத்தால்தான் இந்த வேலைக்குச் சம்பளமும் மரியாதையும் ஏறாமல் கிடக்கின்றன. இரண்டையும் சேர்த்துத்தான் நீங்கள் யோசிக்க வேண்டும்.

இந்த வட்டாரத்தில் நான் மிகவும் மதிக்கும் பாதை பால்வாடிப் பாதை. அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-ல் நாடு முழுவதிலும் 33 வட்டாரங்களில் தொடங்கியது. மழலையர் கல்வி நிபுணர் மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு 1972-ல் கொடுத்த அறிக்கை அதற்கு முன்பே வழி போட்டிருந்தது. தமிழ்நாட்டில் 1982 ஜூலையில் சத்துணவு வந்தபோது இரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். அப்போதிலிருந்து கிராமத்தில் ஓரளவு படித்த பெண்களுக்கு, குறிப்பாகக் கணவனை இழந்தவர்களுக்கும் கைவிடப்பட்டவர்களுக்கும், சொந்த ஊரை விட்டுப் போகாமல் கிடைக்கக்கூடிய வேலையாக இது இருந்துவருகிறது. அவர்களில் பலர் சோறு போட வந்தவர்கள், பாட்டு சொல்லிக்கொடுக்கப் பழகி டீச்சரானவர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு கடலூர், புதுச்சேரி கடலோரக் குப்பங்களில் பிள்ளைகளுக்கு விளையாட்டு மையங்கள் நடந்தன. அங்கே தன்னார்வமாக வந்து நின்ற மீனவப் பெண்கள் சிலர் பிறகு இதையே வேலையாக்கிக்கொண்டார்கள். இவர்களிடம் நான் கண்ட பலம், அழுகிற குழந்தையைப் பார்த்து இவர்கள் பதறுவதே இல்லை. ஜூன் மாத முதல் வாரம் எந்த மழலையர் வகுப்பிலும் ஒரே கூப்பாடுதான். தேவனாம்பட்டினம் பக்கத்து மையம் ஒன்றில், வாசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறிய ஒரு பெண் குழந்தையிடம் அந்த டீச்சர் "அழாதே" என்று சொல்லவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு முறத்தில் கொஞ்சம் துவரையும் பச்சைப் பயறும் கலந்து வைத்துப் பிரிக்க ஆரம்பித்தார். குழந்தையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தச் சின்னக் கை முறத்துக்குள் வந்து பயறைத் தேடியது. கம்பியை விட்டாயிற்று, விரலுக்கும் கண்ணுக்கும் வேலை கிடைத்தாயிற்று, ரகம் பிரித்தலும் நடந்தாயிற்று. மூன்று பாடம். அவருக்கு அதைப் பாடமாகச் சொல்லத் தெரியாது, செய்யத் தெரியும். பயிற்சியில் நான் அவர்களுக்குக் கொடுப்பது, தாங்கள் செய்வது ஏன் சரி என்று சொல்வதற்கான வார்த்தைகள். அது தெரிந்தால்தான் பெற்றோர் வந்து "ஏன் ஏபிசிடி எழுத வைக்கவில்லை" என்று சண்டை பிடிக்கும்போது தளராமல் நிற்க முடியும்.

முறையாக ஆசிரியர் பயிற்சி முடித்தவர்கள் கதை வேறு. 2019 ஜனவரியில் தமிழ்நாடு அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கி, உபரியாக இருந்த இடைநிலை ஆசிரியர்களை அங்கே அனுப்பியது. ஐந்தாம் வகுப்புவரை கற்பிக்கப் படித்தவர்கள் அவர்கள். பலருக்கு அது பதவி இறக்கமாகத் தோன்றியது, நீதிமன்றம் வரை போனார்கள். அவர்கள் கோபத்தில் நியாயமும் இருந்தது. மூன்றரை வயதுப் பிள்ளைக்குக் கற்பிப்பது தனித் தொழில், ஒன்றாம் வகுப்புப் பாடத்தைச் சுருக்கிக் கொடுப்பதால் அது வந்துவிடாது. பாடத்திட்டம், கரும்பலகை, நோட்டு என்று பழகியவர்கள் அந்தப் பழக்கத்தைக் கழற்றி வைக்க நாள் ஆகும். ஆகவே, "முறையாக வந்தவர்கள் நடுவில்" என்று நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. யார் வந்தாலும் ஒரு பழக்கத்தைக் கொண்டுவருகிறார்கள், அதில் பாதி உதவும், மீதி இடைஞ்சல்.

உங்களைப் போல தாயாக இருந்து வருகிறவர்களின் பலம், பிள்ளைகளின் உடம்பு மொழி தெரியும் என்பது. மூத்திரம் வருகிறதா, பசியா, தூக்கமா என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். இடைஞ்சல், தன் பிள்ளையை அளவுகோலாக வைப்பது. "என் பையன் இந்த வயசில் கடகடன்னு பேசினான்" என்று ஆரம்பித்தால் எதிரே நிற்கும் இருபது பிள்ளைகளையும் பார்க்க முடியாது. இன்னொன்று, செல்லம் கொடுப்பதையும் கூடவே உதவி செய்துவிடுவதையும் பாசம் என்று நினைப்பது. ஒரு குழந்தை செருப்பு வாரை மாட்ட ஐந்து நிமிஷம் தடுமாறும்போது கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாக நிற்கத் தெரிய வேண்டும். வீட்டில் அவசரத்தில் நாம் மாட்டிவிடுவோம். வகுப்பில் அந்த ஐந்து நிமிஷம்தான் பாடமே.

கணக்கு பார்த்த பழக்கம் உங்களுக்கு எப்படி உதவும் என்று நீங்களே யோசித்திருக்க மாட்டீர்கள். அலுவலகத்தில் டேட்டா என்ட்ரி செய்துவிட்டு வந்த ஒரு மிஸ், பிள்ளைகள் ஒவ்வொருவர் பெயரிலும் தினம் ஒரு வரி எழுதி வைப்பார். ஒரு பையனைப் பற்றி அவர் எழுதியிருந்தது: படப் புத்தகத்தை மூக்குக்குப் பக்கத்தில் வைத்தான், மணி கோக்கும்போது தலையைச் சாய்த்தான், பந்து வருவதைக் கடைசி நொடியில்தான் பார்த்தான். இரண்டு வார வரிகளைச் சேர்த்துப் படித்ததும் அம்மாவிடம் கண்ணைக் காட்டச் சொன்னார். பையனுக்குக் கண்ணாடி வேண்டியிருந்தது. அதுவரை அவனை மந்தம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். கவனித்து எழுதிவைப்பதுதான் இந்தத் தொழிலின் முதுகெலும்பு. அதே சமயம் எல்லையும் தெரிய வேண்டும். பேச்சு தாமதமா, ஆட்டிசமா என்று டீச்சர் முடிவு கட்டக் கூடாது. பார்த்ததைப் பார்த்தபடி பெற்றோரிடம் சொல்லி, டாக்டரிடமோ மாவட்டத்தில் உள்ள அரசு ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கோ அனுப்ப வேண்டும். அதோடு நம் வேலை முடிகிறது.

எந்தப் பாதையில் வந்தாலும் படித்தே ஆக வேண்டிய சில விஷயங்கள் உண்டு, இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் இருக்கின்றன. மூன்று வயதில் அவற்றில் பல இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். அந்தக் கையில் பென்சிலைத் திணித்து நாலு கோடு நோட்டில் ஒரு பக்கம் எழுது என்றால், பிள்ளை எழுத்தை வெறுக்கத்தான் கற்றுக்கொள்ளும். விஜயதசமி அன்று அரிசியிலோ நெல்லிலோ விரலைப் பிடித்து 'அ' எழுத வைக்கிறோமே, அந்த விரல் வேலை அந்த வயதுக்குப் பொருத்தமானது. மறுநாள் காலையே நோட்டுக்குத் தாவுவதுதான் வினை. அடுத்தது, வீட்டில் பேசும் தமிழில் நிறையப் பேச்சும் கதையும் கேட்ட பிள்ளைக்குத்தான் பிறகு இங்கிலீஷும் சுலபமாக வரும். மூன்று வயதுக்கு மேற்பட்ட இருபது பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்குக் கீழே பத்துப் பிள்ளைகளுக்கு ஒருவர் என்பது 2013-ம் ஆண்டின் தேசிய முன்பருவக் கல்விக் கொள்கை சார்ந்த அளவு. நாற்பது பேரை ஒருவர் கையில் கொடுத்துவிட்டு நல்ல டீச்சர், கெட்ட டீச்சர் என்று பேசுவதில் அர்த்தமே இல்லை. குழந்தைப் பாதுகாப்பு, போக்சோ சட்டம், முதலுதவி இவற்றை வேலைக்குச் சேரும் வாரத்திலேயே கற்றுக்கொள்ளுங்கள்.

சந்தேகமான இடம் ஒன்றும் உண்டு. பட்டம் அல்லது சான்றிதழ் இருப்பதாலேயே ஒருவர் நல்ல மழலையர் ஆசிரியை ஆகிறாரா? அமெரிக்காவில் செய்த ஆய்வுகளில், பட்டத்துக்கும் பிள்ளைகளின் முன்னேற்றத்துக்கும் நேரடியான, உறுதியான தொடர்பு தெரியவில்லை. வகுப்புக்குள்ளேயே அனுபவசாலி ஒருவர் கூட இருந்து திருத்துவதற்கு அதைவிட நல்ல பலன் தெரிந்திருக்கிறது. அங்குள்ள வகுப்பும் நம் வகுப்பும் ஒன்றல்ல, அதனால் அதை அப்படியே இங்கே பொருத்திவிட மாட்டேன். என் அனுபவமும் அந்தப் பக்கமே சாய்கிறது என்பதை மட்டும் சொல்வேன். ஆனால் நான் பார்ப்பது பயிற்சிக்கு வந்தவர்களைத்தான். வராமலேயே நன்றாக நடத்துபவர்களும், வேலை பிடிக்காமல் விட்டுப் போனவர்களும் என் கணக்கில் வரமாட்டார்கள்.

சரி, அந்த முப்பத்தைந்தாயிரத்துக்கு வருகிறேன். இப்போது கட்டாதீர்கள். மாண்டிசோரி என்ற பெயரை யாரும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். மரியா மாண்டிசோரி 1929-ல் நிறுவிய சர்வதேச மாண்டிசோரி சங்கத்தின் டிப்ளமா, உபகரணங்களோடு மாதக்கணக்கில் பழகி, வகுப்புகளைக் கவனித்து, தேர்வு எழுதி வாங்குவது. மூன்று மாதச் சான்றிதழ் வேறு சரக்கு. அது மோசம் என்று சொல்லவில்லை. நல்ல ஆள் நடத்தினால் அதிலும் கற்றுக்கொள்ளலாம். ஆனால் அரசு வேலைக்கு அது உதவும் என்று அந்த நிலையம் சொன்னால், எந்த அறிவிப்பில் அப்படி இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். காகிதம் வேண்டுமென்றால் இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் முன்பருவக் கல்வி டிப்ளமா பிளஸ் டூ முடித்தவர்களுக்குத் திறந்திருக்கிறது, வீட்டிலிருந்து படிக்கலாம், குறைந்தது ஓர் ஆண்டு ஆகும். அங்கன்வாடியில் ஆர்வம் இருந்தால் உங்களுக்கு நேரம் குறைவு. தமிழ்நாட்டில் 2025-ல் வந்த அறிவிப்பில் அங்கன்வாடிப் பணியாளருக்குப் பிளஸ் டூ தேர்ச்சியும் 25 முதல் 35 வயதும் கேட்டார்கள். விதவைகள், ஆதரவற்ற பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 40 வரை தளர்வு. முதல் ஓர் ஆண்டு தொகுப்பூதியம் 7700 ரூபாய், அதன் பிறகு சிறப்புக் காலமுறை ஊதியம். உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும். அடுத்த அறிவிப்பு வரும்போது விதிகளை ஒருமுறை படித்துவிட்டு விண்ணப்பியுங்கள். 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு என்று தீர்ப்பளித்தது. தனியார் பிளே ஸ்கூலில் பலர் இதெல்லாம் கேட்பதே இல்லை. கேட்க வேண்டும்.

அந்தத் தெருமுனைப் பள்ளிக்கு உடனே சரி சொல்லிவிடாமல், சம்பளம் இல்லாமல் ஒரு வாரம் வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் அதிலேயே பாதி பதில் கிடைத்துவிடும். உட்கார்ந்தால் இதைக் கவனியுங்கள்: காலையில் அழும் பிள்ளையை யார் தூக்குகிறார், என்ன சொல்கிறார், பிள்ளைகள் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு நேரம் தரையிலும் வெளியிலும் இருக்கிறார்கள், எவ்வளவு நேரம் பெஞ்சில், கழிப்பறைக்குக் கூட்டிப் போவது யார், டவுசரில் போய்விட்ட பிள்ளையை எல்லோர் எதிரிலும் திட்டுகிறார்களா. அனுபவமுள்ள ஒரு மிஸ் இருந்தால் அவர் கூடவே இருங்கள். முதல் ஆறு மாதம் அவர் உங்களைத் திருத்துவார் என்றால், சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் அந்தப் பள்ளியில் சேரலாம். அப்படி யாருமே இல்லாத இடத்தில் வேறு எது இருந்தாலும் யோசியுங்கள். அந்த ஆறு மாதத்துக்குப் பிறகும் இந்த வேலை பிடித்திருந்தால் பயிற்சிக்குப் பணம் கட்டுங்கள், அப்போது எதைக் கற்க வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

சேரும் முன்பு நியமனக் கடிதத்தை எழுத்தில் வாங்குங்கள். தமிழ்நாட்டில் 2015-ல் வந்த பிளே ஸ்கூல் விதிமுறைப்படி பள்ளி அங்கீகாரம் வாங்கியிருக்கிறதா என்று கேளுங்கள். உங்கள் வகுப்பில் எத்தனை பிள்ளைகள், கூட ஆயா உண்டா, சனிக்கிழமை வேலை உண்டா, அட்மிஷனுக்கு வீடு வீடாக நோட்டீஸ் கொடுக்க அனுப்புவார்களா என்பதையும் கேளுங்கள். பல பேர் கேட்கத் தயங்கிப் பிறகு வருத்தப்படுவது ஒன்று பாக்கி இருக்கிறது, அதையும் கேட்டுவிடுங்கள்: மே மாதச் சம்பளம் உண்டா, இல்லையா.